மூடிய அறையும் ஒரு தாயின் கேள்வியும்

துக்க வீட்டின் படியேறுவோர் தாழ்ந்த குரலில் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: "எப்படி நேர்ந்தது?" வீட்டார் அதற்கு விடை சொல்வர். இரவு எத்தனை மணிக்கு மூச்சு முட்டியது, எந்த மருத்துவரை அழைத்து வந்தனர், இறுதியில் யார் கையைப் பற்றிக்கொண்டிருந்தார் என்பனவற்றை வருவோர் ஒவ்வொருவருக்கும் புதிதாய்ச் சொல்வதுபோல் சொல்வர். சொல்லிச் சொல்லியே நெஞ்சின் பாரம் சிறிது இறங்குகின்றது. இறந்தவர் எவ்வாறு இறந்தார் என்பதை அறிந்திருப்பதும் நாம் அவருக்குச் செய்யும் இறுதி மரியாதைகளுள் ஒன்றாகும்.

அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாத ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவள் மகனுக்கு வயது 40. பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு உடையவன், பேச்சு வராது. பசித்தால் தட்டைத் தட்டுவான். உடம்பு நோவெடுத்தால் தலையைச் சுவரில் மோதுவான். அந்த மொழியை முற்றும் அறிந்தவள் அவள் ஒருத்தியே. தள்ளாமை வந்தபின் அவனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கின்றாள். ஒரு நாள் விடியற்காலையில் தொலைபேசி ஒலிக்கின்றது. "உங்கள் மகன் இரவில் காலமானார்" என்கின்றனர். எப்படி என்று கேட்கின்றாள். "மரணத்தைக் குழுவொன்று ஆராயும்" என்பது பதில். சில மாதங்கள் சென்றபின் மீண்டும் கேட்கின்றாள். "ஆராய்ந்து முடிந்தது, ஆயினும் அவ்வறிக்கை சட்டப்படி இரகசியமானது" என்று கூறிவிடுகின்றனர்.

இத்தாய் கற்பனைப் பாத்திரம். அவள் கேள்வியோ கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் இக்கேள்வி எழுந்துகொண்டே இருக்கின்றது. இதில் ஒரு பக்கமே நியாயம் என்று சொல்லிவிட இயலாது. ஆகவே இரு பக்கத்தையும் பொறுமையுடன் கேட்போம்.

மரண ஆய்வு என்பது யாது?

மனவளர்ச்சிக் குறைபாடு உடைய ஒருவர் அரசின் பொறுப்பிலோ, அரசின் பணம் பெறும் இல்லத்திலோ இறந்தால், அம்மரணத்தை ஒரு குழு ஆராயும் வழக்கம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளது. மருத்துவர், செவிலியர், சமூகநலப் பணியாளர், அரசு அலுவலர் முதலியோர் அக்குழுவில் அமர்வர். நோயாளியின் மருத்துவக் குறிப்புகள், இல்லத்தின் அன்றாடப் பதிவேடு, மருந்து கொடுத்த அட்டவணை ஆகியவற்றை வரிசையாக அடுக்கிப் பார்ப்பர். முதல் அறிகுறி என்று தோன்றியது? அதைக் கண்டவர் யார்? மருத்துவரிடம் கொண்டுசெல்ல எத்தனை நாள் ஆயிற்று? இவையே அவர்கள் கேட்கும் கேள்விகள். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. அது காவல் துறையின் வேலை. அடுத்தவர் அதே விதமாக இறவாமல் காப்பதே இதன் நோக்கம்.

இத்தகைய ஆய்வுகளால் விளைந்த பயன் சிறிதன்று. மனவளர்ச்சிக் குறைபாடு உடையோரிடையே திரும்பத் திரும்பத் தோன்றும் ஆபத்துகள் நான்கு என்பதை இன்று பராமரிப்பாளர்கள் பாடமாகவே கற்கின்றனர். உணவோ நீரோ இரைப்பைக்குச் செல்லாமல் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்குதல் ஒன்று. உடலில் நீர் வற்றுதல் இரண்டாவது. மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைபடுதல் மூன்றாவது. வலிப்பு நான்காவது. இவற்றுள் எதுவும் அரிய நோயன்று. படுத்த நிலையில் உணவூட்டாதிருத்தல், போதிய நீர் தருதல், மலம் கழித்த நாளைக் குறித்துவைத்தல் போன்ற எளிய கவனிப்பால் பெரும்பாலும் தடுக்கத்தக்கவை. ஆயினும் "எனக்கு வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்ல இயலாதவருக்கு இவையே எமனாகின்றன.

மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. இத்தகையோர் அமைதியிழந்து கத்தினாலோ, உணவை மறுத்தாலோ, அது அவர்கள் குறைபாட்டின் இயல்பு என்று மருத்துவரும் கருதிவிடுவதுண்டு. அதன் பின்னால் ஒளிந்திருக்கும் வயிற்றுவலியையோ பல்வலியையோ தேடுவதில்லை. குறைபாடு என்னும் நிழல் நோயை மறைத்துவிடுகின்றது.

இரகசியம் ஏன் வேண்டும்?

இத்துணைப் பயனுள்ள ஆய்வை மூடிய அறையில் நடத்துவானேன்? இதற்கு ஒரு நியாயம் உண்டு. 1970-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. மருத்துவமனையில் இறந்துபோன நோயாளி ஒருவரின் சார்பில் வழக்காடியோர், அவர் மரணத்தைப் பற்றி மருத்துவர்கள் கூடிப் பேசிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தருமாறு கேட்டனர். நீதிமன்றம் மறுத்துவிட்டது. மருத்துவர்கள் தம் பணியைத் தாமே ஒளிவுமறைவின்றி மதிப்பிட்டால்தான் சிகிச்சை மேம்படும். பேசிய சொல் ஒவ்வொன்றும் நாளை வழக்கு மன்றத்தில் ஒலிக்கும் என்றால் எவரும் வாய் திறவார் என்பதே தீர்ப்பின் கருத்து. அமெரிக்க மாநிலங்கள் பலவும் இக்கருத்தைத் தழுவிச் சட்டங்கள் இயற்றின.

இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. பராமரிப்பு இல்லத்தில் இரவுப் பணி செய்யும் ஓர் ஏழைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பலரை அவள் ஒருத்தியே கவனிக்க வேண்டும். விடியுமுன் ஒருவர் இருமியதை அவள் கேட்டாள். மற்றொருவருக்கு உடை மாற்றிக்கொண்டிருந்ததால் உடனே செல்லவில்லை. இவ்வுண்மையைக் குழுவின் முன் அவள் சொன்னால்தான், "இரவில் ஓர் ஆள் போதாது" என்னும் பாடம் பிறக்கும். சொன்னால் வேலை போகும், சிறை வரும் என்று அஞ்சினாள் எனில், "எல்லாரும் நன்றாக உறங்கினார்கள்" என்றே பதிவேட்டில் எழுதிவைப்பாள். அச்சம் உள்ள இடத்தில் உண்மை தங்காது. இரகசியம் என்னும் வேலி அந்த அச்சத்தை நீக்கவே போடப்பட்டது.

வேலி பயிரைக் காக்கின்றதா, அன்றி வேலியே பயிரை மேய்கின்றதா என்பதுதான் அடுத்த கேள்வி.

தலைநகரில் நிகழ்ந்தது

அதே வாஷிங்டன் நகரம் தன் பொறுப்பிலிருந்த மனவளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கென, அண்டையிலுள்ள மேரிலாந்து மாநிலத்தின் லாரல் என்னும் ஊர்ப்புறத்தில், 1925-இல் ஃபாரஸ்ட் ஹேவன் என்ற பெரிய இல்லத்தைத் தொடங்கியது. நாளடைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு அடைக்கப்பட்டனர். கவனிப்போர் சிலர், கவனிக்கப்பட வேண்டியோரோ பலர். அங்கு இறந்தவருள் நூற்றுக்கணக்கானோர் பெயர்க்கல்லும் இன்றிப் புதைக்கப்பட்டனர். பின்னாளில் குடும்பத்தார் முயன்று ஒரே கல்லில் அவர்கள் பெயர்களைப் பொறித்து நிறுத்தினர்.

1976-இல் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1978-இல் இல்லவாசிகளைப் படிப்படியாக வெளியேற்றி, ஊருக்குள் சிறு குழு இல்லங்களில் குடியமர்த்த வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. 1991-இல் ஃபாரஸ்ட் ஹேவன் மூடப்பட்டது. இனி நல்ல காலம் என்று பலரும் எண்ணினர்.

ஆனால் 1999-ஆம் ஆண்டில் "வாஷிங்டன் போஸ்ட்" நாளிதழின் நிருபர் கேத்தரின் பூ எழுதிய கட்டுரைகள் அந்நகரையே உலுக்கின. சிறு குழு இல்லங்களில் நிகழ்ந்த துன்புறுத்தலையும் புறக்கணிப்பையும் முதலில் வெளிப்படுத்திய அவர், ஆண்டின் இறுதியில் அங்கு நேர்ந்த மரணங்களைப் பற்றி எழுதினார். 1993 முதல் 100-க்கும் மேற்பட்டோர் அவ்வில்லங்களில் இறந்திருப்பதை அவ்விதழ் தேடிக் கண்டது. சிகிச்சை தாமதித்ததாலும் கவனிப்பார் இன்மையாலும் நேர்ந்த மரணங்களும் அவற்றுள் இருந்தன. நகர நிர்வாகமோ இவற்றை ஆராய்ந்து பொறுப்பேற்கவில்லை. இறந்தோரின் அந்தரங்கத்தைக் காத்தல் என்பது சொல்லுக்கு அழகியதே. ஆயினும் உயிரோடிருந்தபோது மூடத் துணி கொடாதவர்கள், இறந்தபின் அந்தரங்கம் என்னும் துணியால் மூட முன்வருவார்களாயின், அம்மூடல் யாருக்காக என்று கேட்கத் தோன்றும் அன்றோ?

அக்கட்டுரைகளுக்காக 2000-ஆம் ஆண்டில் அந்நாளிதழுக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதனினும் பெரிய பரிசு 2001-இல் கிடைத்தது. மனவளர்ச்சிக் குறைபாடு உடையோரின் மரணங்களை ஆராய்வதற்கென்றே நகரத் தலைவர் அந்தோனி வில்லியம்ஸ் ஒரு குழுவை அமைத்தார். குழு மூடிய அறையிலேயே கூடியது. கேட்டதை வெளியில் சொல்வதில்லை என்ற உறுதிமொழிக்கு உறுப்பினர்கள் கட்டுப்பட்டனர். ஆனால் எத்தனை பேர் இறந்தனர், எவ்வகை நோயால் இறந்தனர், இல்லங்களும் அலுவலகங்களும் திருத்திக்கொள்ள வேண்டியவை எவை என்பவற்றைப் பெயர் குறிப்பிடாத ஆண்டறிக்கையாக ஊரறிய வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. 1976-இல் தொடங்கிய அவ்வழக்கோ 2017-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. பேசத் தெரியாதவர்களுக்காகப் பேசப் புகுந்தோர்க்கு நாற்பது ஆண்டுப் பொறுமை வேண்டியிருந்தது.

சாவி யார் கையில்?

கதவை மூடுவது சரியெனக் கொண்டாலும், உள்ளே நடப்பதைப் பார்க்கும் உரிமை ஒருவருக்கேனும் வேண்டாமா? இதற்கான விடை வேறோர் அவலத்திலிருந்து பிறந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக் என்ற அரசு இல்லத்தினுள் 1972-இல் தொலைக்காட்சி நிருபர் ஜெரால்டோ ரிவேரா ஒளிப்படக் கருவியுடன் நுழைந்தார். ஆடையின்றியும் அழுக்கிலும் கிடந்த பிள்ளைகளின் கோலத்தை நாடே கண்டு வெட்கியது. 1975-இல் அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய சட்டத்தின்படி, மாநிலந்தோறும் இத்தகையோருக்கான உரிமைக் காப்பு அமைப்பு ஒன்று தோன்றியது. இல்லங்களுக்குள் சென்று விசாரிக்கவும், வேண்டின் வழக்குத் தொடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. வில்லோபுரூக் 1987-இல் மூடப்பட்டது.

2000-ஆம் ஆண்டில் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு முக்கியமான விதி சேர்ந்தது. மனவளர்ச்சிக் குறைபாடு உடைய ஒருவர் இறந்துவிட்டால், உரிமைக் காப்பு அமைப்பு கேட்ட 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய பதிவேடுகளைக் காட்ட வேண்டும். அதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. பதிவேடுகள் திருத்தப்படுவதற்கும் காணாமற் போவதற்கும் காலம் தரலாகாது என்பது இதனால் விளங்கும் பயன்.

மருத்துவர் குழுவின் இரகசிய ஆய்வறிக்கையும் "பதிவேடு" என்னும் சொல்லுக்குள் அடங்குமா? மாநிலங்கள் அடங்காது என்றன. உரிமைக் காப்பு அமைப்புகள் அடங்கும் என்றன. மனநோயாளருக்கான இதே போன்ற சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு பென்சில்வேனிய வழக்கில், 2000-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைப்பின் பக்கமே தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டத்தின் இரகசியப் பாதுகாப்பு, காங்கிரசு தந்த உரிமையின் முன் நிற்காது என்றது.

வெர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது இன்னும் விந்தையானது. அரசு நடத்திய நிலையங்களில் இருவர் இறந்ததையும் ஒருவர் காயமுற்றதையும் 2006-இல் அம்மாநிலத்தின் உரிமைக் காப்பு அலுவலகம் விசாரிக்கத் தொடங்கி, மரண ஆய்வு அறிக்கைகளைக் கேட்டது. நிலையங்களின் பொறுப்பாளர்கள் இரகசியச் சலுகையைக் காட்டி மறுத்தனர். அங்கு அவ்வலுவலகமும் மாநில அரசின் ஓர் உறுப்பே. அரசின் ஒரு கை மறைத்ததை அரசின் மறு கை கேட்டது! தன் மாநில அதிகாரிகள்மீது தானே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காட இயலுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஏப்ரல் 19-ஆம் நாள் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். அறுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, வழக்கு நடக்கலாம் என்று முடிவாயிற்று. அறிக்கை யாருக்குச் சொந்தம் என்பதை அத்தீர்ப்பு கூறவில்லை. கேட்பவர் நுழையக் கதவைத் திறந்துவிட்டது. மாண்டவர் இருவரும் நாடறிந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் மரணம் பற்றிய சில தாள்களுக்காக நாட்டின் தலைமை நீதிமன்றம் கூடிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

எது மறைவுக்குரியது, எது வெளிச்சத்துக்குரியது?

இவ்வரலாறு முழுவதையும் நோக்குங்கால் ஒரு தெளிவு பிறக்கின்றது. "மரண ஆய்வு இரகசியம்" என்று ஒரே சொல்லில் கட்டிவைப்பதால்தான் குழப்பம் நேர்கின்றது. அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் மூன்று வேறு பொருள்கள் இருக்கக் காணலாம்.

முதலாவது, நடந்த நிகழ்ச்சிகள். எந்நேரம் காய்ச்சல் கண்டது, எந்த மருந்து கொடுத்தனர், எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர் என்பன. இவை ஆய்வுக் குழுவின் உடைமை அல்ல. குழு தோன்றுமுன்பே இவை மருத்துவக் குறிப்பிலும் பதிவேட்டிலும் இருந்தன. அவற்றைக் குழுவின் மேசைமீது வைத்துவிட்ட காரணத்தாலேயே அவை இரகசியமாகிவிடா என்பது பொதுவாக ஏற்கப்பட்ட சட்ட நெறி. நம் தாய்க்கு உரியது இப்பகுதி. "அறிக்கை இரகசியம்" என்று சொல்லி அவளை வெறுங்கையுடன் அனுப்புவோர், அவளுக்கு உரியதையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றனர்.

இரண்டாவது, குழுவினுள் பேசப்பட்டவை. அஞ்சி அஞ்சி ஒருவர் ஒப்புக்கொண்டது, ஒரு மருத்துவர் மற்றொருவரின் முடிவைக் குறை சொன்னது, விவாதத்தில் தோன்றி மறைந்த ஐயங்கள் என்பன. இவற்றுக்கு வேலி வேண்டும். இங்கும் உரிமைக் காப்பு அமைப்பு போன்ற ஒரு சுதந்திரமான கண் இருத்தல் நலம். அக்கண்ணுக்கும் வாய்க்கட்டு உண்டு. தான் கண்ட தனிமனிதர் அந்தரங்கங்களை அவ்வமைப்பும் காத்தல் வேண்டும்.

மூன்றாவது, கற்ற பாடம். இது எவருக்கும் தனியுடைமையன்று, ஊருக்கே உரியது. 2008-இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் இப்பொருள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, மரண ஆய்வுகளை நடத்துமாறு மாநிலங்களைக் கூட்டாட்சி அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மறைவும் வெளிச்சமும் ஒன்றாக வாழ இயலும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல சான்று. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் இத்தகையோர் 247 பேரின் மரணங்களை ஆராய்ந்தனர். அம்முயற்சியின் பெயரிலேயே "இரகசிய விசாரணை" என்ற சொல் இருந்தது. ஒருவர் பெயரும் வெளிவரவில்லை. ஆனால் 2013-இல் வெளிவந்த முடிவோ நாடு முழுதும் ஒலித்தது. மற்றவரினும் ஆண்கள் 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறக்கின்றனர் என்பதே அது. அதன் விளைவாக 2015-இல் இங்கிலாந்து முழுமைக்குமான ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 2021-ஆம் ஆண்டின் மரணங்களைப் பற்றிய அதன் அறிக்கை, இத்தகையோரின் மரணங்களில் 49 விழுக்காடு தவிர்த்திருக்கத்தக்கவை எனக் கணித்தது. பொதுமக்களிடையே அது 22 விழுக்காடே. மலச்சிக்கலால் உயிரிழப்போர் உண்டு என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவானபின், 2023-இல் அந்நாட்டு மருத்துவத் துறை அதைப் பற்றிப் பெற்றோருக்கும் பராமரிப்போருக்கும் தனி விழிப்புணர்வுப் பணியே தொடங்கியது. பெயர்கள் காக்கப்பட்டன, பாடமோ வீடுவீடாகச் சென்றது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

இன்னும் ஒன்று சொல்லி முடிப்போம். இறந்தவரின் தாயைக் கேட்டுப் பெறுபவளாக மட்டும் எண்ணுதல் தவறு. குழுவுக்குத் தரவேண்டியது அவளிடம் மிகுதியாக உண்டு. அவன் தலையை மோதினால் வயிற்றுவலி, காதைப் பிடித்தால் பல்வலி என்பதை எந்தப் பதிவேடும் அறியாது. அவளை அழையாமல் நடந்த ஆய்வு, முக்கியமான சாட்சியைக் கேளாமல் முடிந்த விசாரணை போன்றது. அவளுடன் அமர்ந்து பேசி, நடந்ததைச் சொல்லி, அவள் அறிந்ததைக் கேட்டுக்கொண்டால், கதவின் இரு புறமும் நின்றவர்களிடையே பகை குறையும். பல நேரங்களில் வழக்கு மன்றத்துக்கு மக்களை விரட்டுவது பிழையன்று. பிழையைச் சுற்றி எழுப்பிய மௌனமே.

நம்மிடையேயும் பேச்சு வராத பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் தம் பிள்ளையின் வழக்கங்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நலம். எப்படி அமர்த்தி உணவூட்ட வேண்டும், எந்த மருந்து ஒவ்வாது, வலி வந்தால் என்ன செய்வான் என்பனவற்றைக் குறித்து, அவனைக் கவனிக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படி கொடுத்துவைக்கலாம். இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே, "நோய் வந்தால் எனக்கு எப்போது அறிவிப்பீர்கள்? பதிவேட்டை நான் பார்க்கலாமா?" என்று பணிவோடு கேட்டுவிடலாம். கேட்பதில் அவநம்பிக்கை இல்லை, அக்கறையே உண்டு.

வாய் பேசாதவன் வாழ்நாள் முழுதும் தன் வலியைச் சொல்ல முடியாமல் இருந்தான். அவன் இறந்தபின் அவன் மரணமாவது பேசட்டும். அதைக் கேட்கும் அறையின் கதவு சிறிது நேரம் மூடியிருந்தால் குற்றமில்லை. கேட்டு முடித்தவர்கள் வெளியே வந்து, வாசலில் காத்திருக்கும் தாயிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவே.